வழக்குக்கு மட்டும்

அத்தியாயம் பதினொன்று

கேதீஸ்வரியின் வழக்கு நாள் ஒருவழியாக விடிந்தது. விடியாமலே கிடந்திருக்கலாம் என்று பின்னேரம் அவளே நினைக்கப் போகிறாள். காலையில் அது அவளுக்குத் தெரியாதே. பாவம், கொஞ்சம் சந்தோசமாகக்கூட எழும்பினாள்.

"இதைப் போடு" என்று தாய் சீதேவிப்பிள்ளை ஒரு சட்டையைக் கட்டிலில் எறிந்தாள்.

சேலைக்குப் போடும் பழைய சட்டை. கை முழங்கைக்கு மேலேயே முடிந்துவிடும். அரிசி ஆலை இயந்திரத்தில் சுழலும் பட்டி கேதீஸ்வரியின் வலது கையை முழங்கைக்குக் கீழே பிய்த்துக்கொண்டு போய் இரண்டு வருசம் ஆகிறது. அன்றிலிருந்து அவளுக்கு நீளக்கைச் சட்டைதான். வீட்டுக்கு யாராவது வந்தால், வந்தவரை வாங்க என்று சொல்ல முன்னமே தாய் உள்ளே திரும்பி "மூடு" என்பாள்.

"இதுக்குக் கை தெரியுமே அம்மா."

"தெரியத்தானே வேணும். நீதிபதி ஐயா பாக்காம என்னத்த எழுதுற? இண்டைக்கு மூடாத."

சீதேவிப்பிள்ளைக்கு இந்தப் படிப்பைக் கொடுத்தது கடல். நாவலடியில் இருந்த குடும்பம் இது. அந்த மார்கழியில் வந்த சுனாமி அலை அவளுடைய புருசனைக் கொண்டுபோனது. அவளுடைய அண்ணன் குடும்பத்தையும் கொண்டுபோனது, அண்ணன் மகன் உதயரூபனை மட்டும் விட்டுவிட்டு. பள்ளிக்கூடத்து முகாமில் நிவாரணக்காரர் வந்த நேரமெல்லாம், பொதிக்குள் புதுச் சட்டை இருந்தும், இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் கிழிந்ததைப் போட்டு வரிசையில் முன்னுக்குத் தள்ளினாள் அவள். காட்டினாள், கிடைத்தது. மரியாதைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு மிஞ்சியதுதான் கிடைத்தது. திராய்மடுவில் இன்றைக்கு அவர்கள் இருக்கிற கல்வீடும் அப்படி முன்னுக்கு நின்று வாங்கியதுதான்.

அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. புருசனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு குமருகளோடு நின்றவள் வேறு என்ன செய்வாள்? ஆனால் இழந்ததைக் காட்டினால்தான் கிடைக்கும் என்று அன்றைக்குப் படித்ததை அவள் பிறகு மறக்கவே இல்லை. காட்டுவதற்கு இழப்புப் போதாவிட்டால், இன்னும் கொஞ்சம் இழக்க வைத்துக் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் கட்டினால் மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பான். மூத்தவளுக்கு இருக்கிற வீடு, இளையவளுக்கு இனிக் கட்டுகிற வீடு. கட்ட வழியில்லாவிட்டால் இளையவள் காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் கணக்கில் திராய்மடு வீடு கேதீஸ்வரிக்கு. அவளுக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை உதயரூபன், முறை மச்சான். மேசன் வேலை செய்கிறான். அலைக்குப் பிறகு வேறு போக்கிடம் இல்லாமல் மாமி வீட்டுக்குப் பின்னால் சாய்த்து இறக்கிய பத்தியிலேயே இருக்கிறான்.

நாட்டில் சண்டை முடியட்டும், முடியட்டும் என்று கலியாணம் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஆம்பிளைப் பொடியன்கள் றோட்டில் இறங்கப் பயந்த காலம் அது. சித்தாண்டிப் பக்கத்தில் தங்கராசா முதலாளி தன்னுடைய ஆலைக்குப் பெண்களை வேலைக்கு எடுத்தார். பட்டிக்கு முன்னால் இருந்த கம்பி வலையை, மூட்டை தூக்க இடைஞ்சல் என்று கழற்றிவிட்டிருந்தார்கள். மிச்சம் போன கிழமைகளில் படித்திருப்பீர்கள்.

ஏறாவூர்ச் சட்டத்தரணி முத்தலிப் தன்னுடைய கந்தோரில் வைத்து விரல் மடக்கிச் சொன்னதும் ஞாபகம் இருக்கும். நட்டஈடு என்றால் ஒரே ஒரு நட்டஈடு இல்லை, பல வகை. வைத்தியச் செலவுக்கு ஒன்று. பெரியாஸ்பத்திரியில் காசு எடுப்பதில்லை, ஆகவே அதில் பெரிதாக ஒன்றும் வராது. இழந்த சம்பளத்துக்கு ஒன்று. நாட்கூலிக்கு ஏது அத்தாட்சி? இனி அந்தக் கை உழைத்திருக்கக்கூடிய உழைப்புக்கு ஒன்று. பட்ட நோவுக்கு ஒன்று. வாழ்க்கையில் வர இருந்த நல்லது வராமல் போனதற்கு ஒன்று.

"பேசி வச்ச கலியாணம் ஏதும் குழம்பினதா தங்கச்சி?" என்று அவர் கேட்டபோது கேதீஸ்வரி "இல்ல சேர்" என்றாள். அதே மூச்சில் தாய் "ஓம் சேர்" என்றாள். முத்தலிப் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஓம் என்றதை எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். உதயரூபனைச் சாட்சிக்குச் சம்மதிக்க வைத்தது கேதீஸ்வரிதான்.

"வழக்குக்கு மட்டும் மச்சான். காசு வந்தா பின்னுக்கு ஒரு அறை இறக்கலாம். மறுகா ஊரறியக் கட்டுவம்."

"என்னண்டு புள்ள அப்பிடிச் சொல்லுற?"

"நான் சொல்லித் தாறன், நீங்க சொல்லுங்க. இந்தக் கையோட ஒருத்தியக் கட்டி வாழ என்னால ஏலாது."

அவன் சிரித்தான், தலையைச் சொறிந்தான், எழும்பிப் போனான். அவள் விடவில்லை. தட்டாமல் தடுக்காமல் சொல்லும் வரைக்கும் சொல்ல வைத்தாள். தாய் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்றைக்கு அந்தச் சொற்களைச் சொல்லப் போகிற நாள்.

நீதிமன்றத்தில் மூன்று பேரும் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்: தாய், தங்கச்சி பிரஷாந்தி, உதயரூபன். கேதீஸ்வரி முன்வாங்கில், சட்டத்தரணிக்குப் பின்னால். அந்தப் பக்கம் தங்கராசா முதலாளி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அவளுடைய பக்கம் அவர் திரும்பவே இல்லை.

உதயரூபனின் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்றான். முத்தலிப் எழும்பினார்.

"கேதீஸ்வரி உங்களுக்கு என்ன முறை?"

"மாமிட மகள். எனக்குப் பேசி வச்சிருந்தவ."

"ஏன் கட்டல்ல?"

கேதீஸ்வரி முன்னுக்குச் சாய்ந்தாள். இந்த இடத்தில்தான் அவன் எப்போதும் தட்டுப்படுவான்.

"இந்தக் கையோட ஒருத்தியக் கட்டி வாழ என்னால ஏலாது ஐயா."

தட்டுப்படவே இல்லை. அச்சாவாகச் சொல்லிவிட்டார் என்று அவள் உள்ளுக்குள் மகிழ்ந்துபோனாள். அந்த மகிழ்ச்சி அடங்க முன்னமே அவன் மேலே பேசினான்.

"சோறு கறி ஆக்கினாலும் பாதியில நிக்கிற. நாளைக்கு ஒரு புள்ள கிடைச்சா என்னண்டு தூக்குற? இரவையில பக்கத்தில படுத்து, அது மேல பட்டா... எனக்கு அருவருப்பு ஐயா. பொய் சொல்லி வேலையில்ல."

இது அவள் சொல்லிக் கொடுத்ததில் இல்லை.

சொல்லிவிட்டு அவன் முதல் தடவையாக அவளைப் பார்த்தான். அரைக்கைச் சட்டைக்குக் கீழே கை முடிகிற இடத்தைப் பார்த்தான். பார்த்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயால் சொன்னதை நடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த முகத்திருப்பலை எப்படி வைத்துக்கொள்வது?

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பினார். மெல்லிய குரல்காரர், சிரித்த முகம். அப்படிப்பட்ட ஆட்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

"தம்பி இப்ப எங்க குடியிருக்கிறீங்க?"

"திராய்மடுவில."

"யாருட வீட்டில?"

"மாமிட வீட்டில."

"வேணாம் எண்டு விட்ட பொம்பிளைட வீட்டிலயா?"

உதயரூபன் மாமியைப் பார்த்தான். சீதேவிப்பிள்ளை தன்னுடைய கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"கேள்வி விளங்கல்லையா? அந்த வீட்டில நீங்க ஏன் இன்னும் இரிக்கிறீங்க?"

"கலியாணம் வச்சிருக்கு ஐயா. ஆவணியில."

"யாரோட?"

"பிரஷாந்தியோட."

"பிரஷாந்தி எண்டுறது?"

"கேதிட தங்கச்சி."

இல்லாத கையில் இல்லாத விரல்கள் இறுக மடங்கின. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாளில் இருந்து அப்படித்தான். ஏதும் பயந்தால் அந்த விரல்கள்தான் முதலில் நோகும். கேதீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். தாய் ஆச்சரியப்படவில்லை. தங்கச்சியும் ஆச்சரியப்படவில்லை. அந்த முழு மண்டபத்திலும் ஆச்சரியப்பட்டது அவளும் அவளுடைய சட்டத்தரணியும்தான்.

"இவர் கைக்காக விலகல்ல ஐயா, தங்கச்சிக்காக விலகியிருக்கிறார்" என்று எதிர்த்தரப்பார் நீதிபதியிடம் சொல்லிவிட்டு, அலுவல் முடிந்தவர் மாதிரி இருந்துவிட்டார். பகல் சாப்பாட்டுக்குக் கலைந்தார்கள்.

விறாந்தையில் முத்தலிப் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத ஏன்மா எனக்கிட்ட மறைச்சீங்க?"

"மறைக்கல்ல சேர். கேக்கல்லத்தானே நீங்க" என்றாள் சீதேவிப்பிள்ளை.

அவர் அவளை விட்டுவிட்டுக் கேதீஸ்வரியிடம் திரும்பினார். "பகலுக்குப் பிறகு உங்களக் கூண்டில ஏத்துறன் தங்கச்சி. கை போனதாலதான் இவர் விலகினார், அதுக்குப் பிறகுதான் தங்கச்சிக்குப் பேசினது எண்டா அந்த நட்டஈடு நிக்கும். அப்பிடி இல்லாட்டி அது போகும். மத்ததுகளையும் பிடிச்சு இழுக்கும். எது உண்மை எண்டு எனக்குத் தெரியா. பொய் மட்டும் சொல்லாதீங்க."

அவர் போய்விட்டார். உதயரூபன் றோட்டுக்கு அங்கால் தேத்தண்ணிக் கடையில் நின்றான். இந்தப் பக்கம் வரவில்லை.

மரத்துக்குக் கீழே சோற்றுப் பொதியை அவிழ்த்தாள் தாய். கேதீஸ்வரி இடது கையை நீட்டினாள். இரண்டு வருசமாக அவள் இடது கையால்தான் சாப்பிடுகிறாள், கறிக்கு மீன் அரியக்கூடப் பழகிவிட்டாள்.

"கைய எடு" என்றாள் தாய் பல்லுக்குள். "முதலாளிட ஆக்கள் பாக்கிறாங்க. தானே சாப்பிடுறாள் எண்டு போய்ச் சொன்னா எல்லாம் போச்சு. வாயத் திற."

சோற்றைக் குழைத்து உருண்டை பிடித்து மகளின் வாயில் வைத்தாள். போகிற வருகிற ஆட்கள் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்கள்.

"எப்ப பேசினீங்க அம்மா?"

"முழுங்கு முதல்ல."

"எப்ப?"

"நீ ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள."

கேதீஸ்வரியின் வாயில் இருந்த சோறு அங்கேயே நின்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்த நாட்களில், உதயரூபன்தான் வந்து சோறு குழைத்துத் தந்தான். இனிச் சாகுமட்டும் நான் குழைச்சுத் தாறன் என்று சொன்னான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழும்பி வந்தாள்.

"அவர் எனக்குச் சோறு தந்தவரே."

"குழைச்சுக் குடு எண்டு அனுப்பினது நான். நீ ஒண்டும் தின்னாமக் கிடந்தாய். ஒரு நல்ல சொல்லும் சொல்லு எண்டன்."

"அப்ப எல்லாம்..."

"என்னகா எல்லாம்? யோசிச்சுப் பார். வீடு ஒண்டு, பொடியன் ஒண்டு, பொம்பிளையள் ரெண்டு. முழுசா இரிக்கிறவளுக்குத்தானே குடுக்கலாம். அவன் சின்னவளில மனசு வச்சது உனக்குக் கை இரிக்கக்குள்ளயே. நான்தான் மூத்தவளுக்கு முதல்ல எண்டு பிடிச்சு வச்சிருந்த நான். கை போன பிறகு என்னத்துக்குப் பிடிச்சு வைக்கிற?" இன்னொரு உருண்டையை எடுத்தாள். "உனக்குத்தான் நட்டஈடு வருதே. திற வாய."

பெற்ற தாய் கேட்கக்கூடிய கேள்வியா, சொல்லக்கூடிய சொல்லா என்று நீங்கள் கொதிப்பீர்கள். எனக்கும் கொதிக்கிறது. ஆனால் சீதேவிப்பிள்ளையின் முகத்தில் துளி கோபம் இல்லை. நிவாரண வரிசையில் ஆளுக்கு ஒரு பொதி பிரித்துக் கொடுக்கிறவளுடைய முகம்தான் இருந்தது.

கேதீஸ்வரி வாயைத் திறக்கவில்லை. தங்கச்சியைப் பார்த்தாள். தினமும் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறவள் இந்தப் பிரஷாந்திதான். ஒரு கையால் பின்ன ஏலாது என்று அழுத நாளில் தானாகவே வந்து சீப்பை வாங்கியவள்.

"உனக்கும் தெரியுமா?"

பிரஷாந்தி சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். "அம்மாதான் சொல்ல வேணாம் எண்டவ. நீங்க கோவிக்காதீங்க அக்கா. நான் உங்களப் பாப்பன். ஒரு நாளும் வீட்டை விட்டுப் போ எண்டு சொல்ல மாட்டன்."

இருபத்தேழு வயது வரைக்கும் தன்னுடைய வீடு என்று கூட்டி மெழுகிய வீட்டில், தங்கச்சி அவளுக்கு இடம் கொடுக்கிறாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எல்லாவற்றையும் விட மோசமாக இருந்தது.

"அக்கா, கூண்டில என்ன சொல்லுவீங்க?" என்று பிரஷாந்தி மெதுவாகக் கேட்டாள். "அந்தக் காசு வந்தாத்தான் ஆவணியில..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. யாருடைய கலியாணம் இல்லாமல் போனதற்கு வருகிற காசில் யாருடைய கலியாணம் நடக்கப் போகிறது என்று கேதீஸ்வரிக்கு விளங்கிவிட்டது.

பகலுக்குப் பிறகு அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறும்போது சேலைத் தலைப்பை இடது கையால் இழுத்து, கை முடிகிற இடத்தைப் போர்த்திக்கொண்டாள். வாங்கில் இருந்து தாய் தலையை ஆட்டினாள், மூடாத என்று. கேதீஸ்வரி எடுக்கவில்லை.

முத்தலிப் கேட்கக் கேட்கச் சொன்னாள். வலை கழற்றிக் கிடந்ததைச் சொன்னாள். பட்டி இழுத்ததைச் சொன்னாள். கத்தக் கத்த இயந்திரத்தை நிறுத்த ஆள் இல்லாமல் நின்றதைச் சொன்னாள். இப்போதும் இல்லாத விரல்கள் நோகும், தடவிவிட இடம் இல்லை என்றாள். நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார். தங்கராசா முதலாளி கண்ணைத் திறக்கவில்லை.

"உங்களுக்குப் பேசி வச்ச கலியாணம் ஏன் நிண்டது?"

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு மறுமொழிதான் வேண்டும். கை போனதால். இரண்டு சொல். சொன்னால் காசு வரும், வீட்டில் ஒரு மூலையும் கிடைக்கும், தங்கச்சி தலை பின்னிவிடுவாள்.

"அந்த நட்டஈடு எனக்கு வேணாம் சேர்."

முத்தலிப் கையில் இருந்த பேனையைக் கீழே வைத்தார். நீதிபதி நிமிர்ந்தார். "விளக்கமாச் சொல்லுங்க."

"கை போனது முதலாளியால ஐயா. சம்பளத்துக்கும், இனி உழைக்க ஏலாததுக்கும், நோவுக்கும் அவர் தரத்தான் வேணும். அதில ஒரு சதம் விட மாட்டன். ஆனா கலியாணம் போனது அவரால இல்ல. செய்யாதத அவருட தலையில போட ஏலாது."

தங்கராசா முதலாளி கண்ணைத் திறந்தார். இரண்டு வருசத்தில் முதல் தடவையாக அவளை நேரே பார்த்தார்.

"அப்ப யாரால?" என்றார் நீதிபதி.

கேதீஸ்வரி வலது கையை நீட்டினாள். தலைப்பு நழுவி விழுந்தது, முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லாத கை வாங்குப் பக்கமாக நீண்டு நின்றது. விரல் இருந்திருந்தால் யாரைக் காட்டுகிறாள் என்று தெரிந்திருக்கும். உதயரூபன் தனக்குப் பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பிரஷாந்தி நிலத்தைப் பார்த்தாள். சீதேவிப்பிள்ளை மட்டும் மகளைப் பார்த்தாள்.

"இப்பிடிக் காட்டினா எழுத ஏலாது. பெயரைச் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

அப்போதுதான் வாங்கில் இருந்து அந்தக் குரல் வந்தது. சத்தம் போடவில்லை, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்தான் சொன்னாள்.

"சொன்னியெண்டா வீட்டுக்கு வராத மகள்."

சேவகர் ஓடிவந்து வாயை மூடச் சொல்லி அதட்டினார்.

கேதீஸ்வரிக்குக் கடல் கொண்டுபோன வீடு ஒன்று. இந்த வீடு மற்றது. மூன்றாவது ஒன்று அவளுக்கு இந்த உலகத்தில் இல்லை. பின்னேரம் பஸ் எடுத்தால் எங்கே இறங்குவது என்றும் தெரியாது.

நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.

"சொல்றன் ஐயா" என்றாள். "எழுதுங்க."